குதிரையின் பின்பாதி

குதிரையின் பின்னங்காலில் முட்டி எங்கே இருக்கிறது என்று தெருவில் போகிறவர்களை நிறுத்திக் கேட்டால், முக்கால்வாசிப் பேர் தப்பான இடத்தைத்தான் காட்டுவார்கள். பின்காலார் அப்படி நிறுத்திக் கேட்டவர். கேட்டது மட்டுமல்ல, தப்பாகச் சொன்னவர்களைத் திருத்தி அனுப்பியவர். அவரோடு கடைவீதிக்குப் போகும்போது அவர் மனைவி எப்போதும் நாலு எட்டு தள்ளியே நடப்பாள்.

பின்காலார் என்பது நாடகக் கொட்டகையில் வைத்த பெயர். பேருந்து நிலையத்துக்குப் பின்புறம், சைக்கிள் கடைக்கும் ஐஸ் கிடங்குக்கும் நடுவே இருந்த தகரக் கொட்டகை அது. பிள்ளைகளுக்கான நாடகங்கள் போடுவார்கள். எந்த நாடகம் என்றாலும் அதில் ஒரு குதிரை வரும். பழுப்புத் துணி, உள்ளே பஞ்சு, தலைக்குக் கம்பிக்கூடு, வாலுக்குச் சணல். உள்ளே இரண்டு பேர். முன்னால் நிமிர்ந்து நின்று தலையையும் முன்னங்கால்களையும் கவனித்துக்கொள்கிறவர் முன்காலார். அவருக்குப் பின்னால் இடுப்பை மடித்துக் குனிந்து, அவருடைய இடுப்புத் தோல்வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடக்கிறவர் பின்காலார். முன்காலார் வேறு யாருமில்லை, பின்காலாருடைய மனைவியின் அண்ணன். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே வீட்டில் இருந்தாலே மூன்றாம் நாள் சட்டி பானை உருளும். இவர்கள் ஒரே குதிரைக்குள் இருந்தார்கள்.

ஆரம்பத்தில் பின்காலார் மற்றவர்களைப் போலத்தான் நடந்தார். அதாவது, குனிந்த மனிதனாக நடந்தார். முன்வரிசையில் அம்மா மடியில் உட்கார்ந்திருந்த ஒரு சிறுமி ஒருநாள் கொட்டகை முழுக்கக் கேட்கிற மாதிரி, "அது குதிரை இல்லம்மா. ரெண்டு மாமா" என்றாள். மேடையில் ராஜா வேஷத்தில் இருந்தவரே சிரித்துவிட்டார். முன்காலார் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் பக்கம் தலை இருந்தது, காது இருந்தது, பிடரி இருந்தது. பார்க்கிறவனுக்கு அந்தப் பாதி குதிரைதான். மானம் போனது பின்பாதிக்கு.

மறுநாளே பின்காலார் குதிரையேற்றப் பள்ளியின் லாயத்துக்குப் போய் நின்றார். அங்கே இருந்த லாயக்காரர் அதிகம் பேசமாட்டார். வந்த விஷயத்தைக் கேட்டுவிட்டு, சிரிக்காமல், ஒரு கிழட்டுக் குதிரையின் பக்கத்தில் இவரைக் கூட்டிக்கொண்டு போய்க் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தார்.

"பின்னாடி வளைஞ்சு நிக்குதே, அது முட்டி இல்ல. குதிகால். முட்டி இங்க இருக்கு, வயித்தை ஒட்டி. தடவிப் பாருங்க, சில்லு அசையும்."

பின்காலார் தடவினார். அசைந்தது.

"அப்ப இதுக்குக் கீழ எல்லாம்?"

"பாதம். குதிகாலைத் தூக்கிக்கிட்டு ஒத்தை விரல் நுனியில நடக்குது. குளம்பு அந்த விரலோட நகம்."

பின்காலாருக்குத் தலை கால் புரியவில்லை. இத்தனை பெரிய உடம்பு நாலு விரலில் நிற்கிறது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. தம்முடைய செருப்பைக் கழற்றிவிட்டு லாயத்தின் வைக்கோல் மேல் நுனிவிரலில் நின்று பார்த்தார். குதிரை அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தீவனத்தில் வாயை வைத்தது.

அதன் பிறகு அவர் ஓய்வு கிடைத்தபோதெல்லாம் லாயத்துக்குப் போனார். குதிகாலுக்குக் கீழே சதையே கிடையாது, நரம்புக் கயிறு மாதிரி தசைநார்கள்தான் ஓடுகின்றன, அதனால்தான் கால் அவ்வளவு ஒல்லி என்று தெரிந்துகொண்டார். காலை இழுக்கிற சதையெல்லாம் மேலே புட்டத்திலும் தொடையிலும் இருக்கிறது. குதிரை நின்றுகொண்டே தூங்குவது எப்படி என்றும் பார்த்தார். தொடை எலும்பின் நுனியில் ஒரு மேடு இருக்கிறது. முட்டிச் சில்லை அதன் மேல் கொக்கி மாதிரி மாட்டிவிட்டால் கால் மடங்காது. ஒரு காலைப் பூட்டிவிட்டு, மறுகாலின் குளம்பு நுனியை மட்டும் தரையில் ஊன்றி அசதி ஆற்றிக்கொள்கிறது. பின்காலாருக்கு இது ஏதோ தமக்கே சொன்ன ரகசியம் மாதிரி இருந்தது. மேடையில் ராஜா நீளமாக வசனம் பேசும்போது அவர் அப்படி ஒரு காலை நுனியில் வைத்து ஓய்வெடுத்தார். பிள்ளைகள் ராஜாவை விட்டுவிட்டு அந்தக் காலைப் பார்த்துக் கைதட்டினார்கள். ராஜாவுக்குக் கோபம்.

மனைவிதான் கொட்டகைக்குத் தையல்காரி. கெண்டைக்காலுக்குப் பின்னால் பஞ்சுத் திண்டு வைத்துப் பொய்க் குதிகால் ஒன்றைத் தைத்துக் கொடுத்தாள். அவருடைய சொந்தக் குதிகால் காட்சி முடியும்வரை தரையில் படாது. முட்டியை மடக்கி, நுனிவிரலில், குனிந்தபடி நடப்பார். "ரெண்டு மாமா" என்று அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையும் சொல்லவில்லை.

முன்காலாரிடம் இதையெல்லாம் சொல்லிக் காட்டாமல் இருக்க முடியுமா?

"மச்சான், பின்னங்கால் எலும்போட எலும்பா இடுப்புக் குழியில மாட்டியிருக்கு. முன்னங்காலுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. குதிரைக்குத் தோளைப் பிடிச்சு நிறுத்துற காறை எலும்பே கிடையாதாம். உன் கால் ரெண்டும் வெறும் சதையில தொங்குது."

"தொங்கிட்டுப் போகட்டும்."

"வண்டியைத் தள்ளுறது பின்னங்கால். நீ சும்மா வழிகாட்டிப் பலகை."

முன்காலாரும் லேசுப்பட்டவரில்லை. ஒருநாள் தனியாக லாயத்துக்குப் போய் விசாரித்துவிட்டு வந்தார். வந்தவர் ஒரே ஒரு விஷயம்தான் கொண்டு வந்தார். "உடம்பு எடையில பாதிக்கு மேல சுமக்கிறது முன்னங்கால்தானாம் மாப்ள. லாயக்காரர் சொன்னாரு. கேட்டுக்க."

அதெல்லாம் பேச்சு இருந்த காலம். பேச்சு நின்றது ஒரு பத்திரிகைப் படத்தால். நாடகம் முடிந்து குதிரைத் தலையைக் கழற்றி வணங்கும்போது எடுத்த படம். 'குதிரையாக நடித்தவர்' என்று கீழே போட்டு முன்காலாரின் முகத்தை மட்டும் அச்சடித்திருந்தார்கள். பின்காலார் அந்த நேரத்தில் எப்போதும்போல வயிற்றுப் பக்கத்து ஜிப்பைத் திறக்காமல் உள்ளேயே இருந்தார். அதுகூடப் பரவாயில்லை. நிருபர் "உள்ளே எத்தனை பேர்?" என்று கேட்டதற்கு முன்காலார் "ஏன், ஒரு ஆள் போதாதா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம். வேடிக்கைக்குச் சொன்னது என்று அவர் தங்கை எத்தனையோ முறை எடுத்துச் சொன்னாள். பின்காலாருக்கு மூக்குக்கு மேல் கோபம். அன்றோடு மச்சானிடம் பேசுவதை விட்டார். முன்காலாரும் வீம்புக்குப் பேசவில்லை.

ஆனால் குதிரைக்குள் பேசாமல் முடியாது. பின்காலாருக்கு உள்ளே கண் தெரியாது, தெரிவதெல்லாம் மச்சானுடைய முதுகுச் சட்டையும் தரையில் ஒரு சாண் வெளிச்சமும்தான். "இடது", "வலது", "நில்லு", "படி வருது மாப்ள", "சரி மச்சான்" என்று குதிரைக்குள் பேச்சுவார்த்தை நடந்தது. ஜிப்பைத் திறந்து வெளியே வந்ததும் இருவரும் ஆளுக்கொரு திசையில் போனார்கள். வெளியே முறுக்கிக்கொண்டு திரிந்தாலும், "மாப்ள" என்று மச்சான் வாயால் கேட்பதற்காகவே பின்காலார் சீக்கிரமாகக் கொட்டகைக்கு வந்து குதிரைக்குள் நுழைந்து காத்திருப்பார். இதை அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை. நான் சொல்கிறேன், அதுதான் உண்மை.

இப்படி வருஷங்கள் ஓடிய பிறகு இடது முட்டி வலிக்க ஆரம்பித்தது. மனிதக்காலை வைத்துக்கொண்டு குதிரைக்கால் செய்தால் முட்டி என்ன செய்யும், அதுவும் எத்தனை காலம்தான் பொறுக்கும்? முதலில் படியிறங்கும்போது வலித்தது. பிறகு எழுந்திருக்கும்போது. பிறகு சும்மா இருக்கும்போதும். குதிரைக்கு முட்டிச் சில்லைப் பூட்டிக்கொள்ள மேடு இருக்கிறது. பின்காலாருக்கு இல்லை. அவருக்கு இருந்தது தைலம் மட்டும்தான்.

கொட்டகையின் இயக்குநரம்மா ஏற்கனவே சக்கரம் வைத்த மரக்குதிரை பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். தச்சர் வந்து மேடையை அளவெடுத்துவிட்டுப் போயிருந்தார். முட்டி போய்விட்டது என்று தெரிந்தால் ஒன்று மரக்குதிரை வரும், இல்லையென்றால் வேறொரு பின்கால் வருவார். வேறு பின்கால் வந்தால் மச்சான் முதல் ஆளாய்த் தலையாட்டுவார் என்று பின்காலார் நம்பினார். அப்புறம் குதிரைக்குள் "மாப்ள" என்று சொல்ல ஆளிருக்காது. வேறொருவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.

அதனால் மூச்சுவிடவில்லை. மனைவியிடம்கூட அசதி என்று சொல்லிச் சமாளித்தார். ஒரே பயம் தைல வாசனை. குதிரைக்குள் காற்று புகாது, தும்மினால்கூட மணக்கும். நல்லவேளையாக அதே சமயத்தில் மச்சானும் தைலம் தடவ ஆரம்பித்திருந்தார். கழுத்துப் பிடிப்பு, முதுகுவலி என்று அவர் தங்கையிடம் சொன்னாராம். தலையைத் தூக்கிக்கொண்டே திரிகிற ஆளுக்குக் கழுத்து வலிக்காமல் என்ன செய்யும் என்று பின்காலார் மனசுக்குள் சொல்லிக்கொண்டார். யாருடைய தைலம் எது என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி குதிரை முழுக்க மணத்தது. அதிர்ஷ்டம் தம் பக்கம் என்று பின்காலார் நிம்மதியடைந்தார்.

இன்னொரு அதிர்ஷ்டமும் இருந்தது. வெளியே நடந்தால் உயிர் போகிற கால் குதிரைக்குள் கொஞ்சம் தேவலாம். ராஜாவைத் துரத்துகிற காட்சியில் குதிரை துள்ளி ஓடவேண்டும். அந்த ஓட்டத்தில்கூட இடது கால் தரையில் படுகிற நேரம் ஏதோ இலேசாக இருந்தது. கலைதான் காலைக் காப்பாற்றுகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். கலைஞர்கள் இப்படி நினைத்துக்கொள்வது வழக்கம்தான்.

ஒரு சனிக்கிழமை மதியக் காட்சி முடிந்து, இருவரும் உடை மாற்றும் அறையில் முதுகோடு முதுகாக உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் குதிரைத் தலை கிடந்தது. இயக்குநரம்மா ஒரு பெண்மணியைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அந்த அம்மாள் மகனுக்கு நாடகம் காட்ட வந்தவர். தொழிலில் கால்நடை டாக்டர், அதிலும் குதிரைகளுக்கு.

"உங்க குதிரைக்கு இடது பின்னங்கால்ல வலி இருக்கு" என்றார் டாக்டரம்மா.

பின்காலார் கையிலிருந்த துண்டு அப்படியே நின்றது. மாட்டிக்கொண்டோம் என்று தெரிந்துவிட்டது.

இயக்குநரம்மா சிரித்தார். "துணிக் குதிரைங்க அது."

"தெரியும். அதனாலதான் பார்க்க வந்தேன். ஓடும்போது இடது இடுப்பு ஒரு குதி குதிச்சு ஏறி இறங்குது. காலை எட்டி வைக்கிறதில்ல, நுனி தரையில உரசுது. முட்டியில வலி இருக்கிற குதிரை அச்சு அசலா இப்படித்தான் ஓடும். சரி, அதையாவது எங்கயாவது பார்த்துப் பழகலாம். அந்தத் தலை இருக்கே, அதுதான் என்னை அசத்திடுச்சு."

"தலைக்கு என்ன?"

"வலிக்கிற கால் தரையில படுற நேரம் பார்த்துத் தலை தாழுது. ஒவ்வொரு தடவையும். குதிரைங்க அப்படிச் செய்யும். தலையையும் கழுத்தையும் முன்னாடி சாய்ச்சு, பின்னங்கால்ல விழவேண்டிய எடையை முன்னங்காலுக்கு இழுத்துக்கும். பின்காலுக்கு அந்த நேரம் இலேசாயிடும். படிக்கிற பிள்ளைங்களுக்கு இதைக் கண்டுபிடிக்கச் சொல்லிக் கொடுத்தே நான் ஓய்ஞ்சு போயிட்டேன். உங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?"

இயக்குநரம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "சொல்லுங்க, யார் சொல்லிக் கொடுத்தது?" என்று அவரும் சேர்ந்து கேட்டார்.

முதலில் பின்காலாருக்குத் தம்முடைய இடுப்பைப் பற்றித்தான் கவலையாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தலை உறைத்தது. இடுப்பு அவருடையது, கால் அவருடையது. தலை அவருடையதில்லை.

அவர் மெல்லத் திரும்பிப் பார்த்தார். முன்காலார் குதிரைத் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ஏற்கனவே நேராக இருந்த காதை நேராக்கிக்கொண்டிருந்தார்.

"யாரும் சொல்லிக் கொடுக்கலங்க. தானா வந்துச்சு" என்றார் முன்காலார். "வலியெல்லாம் யாருக்கும் இல்ல. நடிப்பு."

டாக்டரம்மா பின்காலாரின் முட்டியை ஒருமுறை பார்த்தார். "குதிரையா இருந்தா ஓய்வு கொடுக்கச் சொல்லுவேன். மனுசங்களுக்கு நான் வைத்தியம் பார்க்கிறதில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சாயங்காலக் காட்சிக்குக் குதிரை மேடைப் பக்கவாட்டில் இருட்டில் தயாராக நின்றது. பின்காலார் தோல்வாரைப் பிடித்தார். இத்தனை காலமும் பிடித்த வார்தான். இன்றைக்குத்தான் அதற்கு அந்தப் பக்கம் ஒரு முதுகு இருப்பது அவர் கைக்குத் தெரிந்தது. அந்த முதுகில் கட்டுத் துணி சுற்றியிருந்தது. தைலம் குப்பென்று அடித்தது, அது முழுக்க மச்சானுடைய தைலம். இவர் அன்று தடவ மறந்திருந்தார்.

"மச்சான்."

"என்ன?"

"எப்பயிலேர்ந்து தெரியும்?"

"எது?"

"முட்டி."

"வாரைப் பிடிச்சு இழுத்தா எனக்குத் தெரியாதா? இடது காலுக்கு மட்டும் தொங்குனே."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீதான் வெளியில பேசமாட்டியே. உள்ள வேலை நேரம்."

வெளியே ராஜா வசனத்தை ஆரம்பித்திருந்தார். ஒரு படத்துக்காக இத்தனை காலம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததை நினைத்துப் பின்காலாருக்கு வெட்கமாக இருந்தது. மச்சானுடைய கழுத்தைத் தாமே ஒடித்துக்கொண்டிருந்தது அதைவிட உறுத்தியது.

"நாளைக்கு இயக்குநரம்மாகிட்ட சொல்லிடறேன். நீ வேற ஆளைப் பார்த்துக்க."

"சரி, பார்க்கலாம்."

"நிசமாத்தான் சொல்றேன். உன் முதுகு போயிடும்."

"எடையில பாதிக்கு மேல முன்னங்கால்தான் சுமக்கும்னு அன்னைக்கே சொன்னேன், நீ கேக்கல. படி வருது மாப்ள. இடது."

இடது கால் படியில் பட்டது. வார் முன்பக்கம் சாய்ந்து இழுத்தது. கால் இலேசானது. குனிந்த இருட்டுக்குள் பின்காலார் சத்தமில்லாமல் அழுதார். அங்கே அழுவதில் ஒரு வசதி இருக்கிறது, யாரும் பார்க்க முடியாது. முன்வரிசையில் பிள்ளைகள் குதிரை வந்துவிட்டது என்று கூவினார்கள்.

நாடகம் முடிந்து வணங்குகிற நேரம் முன்காலார் தலையைக் கழற்றிவிட்டு, வயிற்றுப் பக்கத்து ஜிப்பைத் தாமே திறந்து, பின்காலாரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். இப்படி எப்போதும் செய்ததில்லை. வியர்வையும் கண்ணீருமாக, கண் கூசிக்கொண்டு, பின்காலார் விளக்கு வெளிச்சத்தில் முதல்முறையாக நின்றார். முன்வரிசையில் ஒரு பையன் வீறிட்டு அழுதான்.

"குதிரைக்குள்ள யாரோ இருக்காங்க!"

அதன் பிறகுதான் கைதட்டினார்கள்.

பின்காலார் உடை மாற்றிக்கொண்டு இயக்குநரம்மாவின் அறைக்குப் போனபோது முன்காலார் அவருக்கு முன்பே அங்கே நின்றுகொண்டிருந்தார். பேசி முடித்தும் விட்டிருந்தார்.

"குதிரைக்கு ஓய்வு வேணும்னு சொல்றாரு" என்றார் இயக்குநரம்மா பின்காலாரிடம். "பின்பாதிக்கா முன்பாதிக்கான்னு கேட்டேன். முழுக் குதிரைக்கும்னு சொல்றாரு. முன்பாதிக்கு நான் வேற பின்பாதி தரேன்னேன். வேண்டாமாம். அப்படின்னா தச்சரைக் கூப்பிட வேண்டியதுதான். மரக்குதிரை வந்துட்டா அப்புறம் உங்களை எப்பக் கூப்பிடுவேன்னு நான் வாக்குக் கொடுக்க முடியாது. யோசிச்சுக்குங்க."

"யோசிச்சாச்சு" என்றார் முன்காலார்.

தங்கையின் தையல் அறையில் குதிரையை ஆணியில் மாட்டிவிட்டு இருவரும் வெளியே வந்தார்கள். ஐஸ் கிடங்கின் வாசலில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. வழக்கமாக முன்காலார் வலது பக்கம் போவார், பின்காலார் இடது பக்கம் போவார். அன்று முன்காலார் இடது பக்கம் திரும்பினார்.

"நாளைக்குக் காலையில எலும்பு டாக்டர்கிட்ட போறோம்" என்றார் நடந்துகொண்டே.

"எனக்குத்தானே முட்டி. நீ எதுக்கு?"

"எனக்குக் கழுத்துக்கு."

பின்காலார் நொண்டிக்கொண்டே பின்னால் போனார். தெருவிளக்கு எரியவில்லை. பழக்க தோஷத்தில் அவர் கை முன்னால் நீண்டு மச்சானுடைய இடுப்பு வாரைப் பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகுதான் குதிரை இல்லை என்பது நினைவுக்கு வந்தது. எடுக்கப் பார்த்தார்.

"விடாத. படி வருது மாப்ள" என்றார் முன்காலார்.

"சரி மச்சான்" என்றார் பின்காலார்.